வேட்டுவர் உடையும் நிலத்தின் வண்ணமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றின்கண் தோன்றி வாழும் மரமும் பூவும் புள்ளும் விலங்கும் மக்கள் தொழிலும் பிறவும் கருப்பொருள் என்றும் வகுத்தனர் நம் இலக்கண நூலார். இப்பாகுபாட்டை வகுப்பிற் பயின்றபொழுது, இது செய்யுள் செய்வார்க்கு மட்டுமே வேண்டப்படுவதொன்று என்று யாம் கருதியிருந்தோம். பின்னர், வேட்டம் புரிவோர் தம் உடையைத் தேர்ந்துகொள்ளும் முறையைப் பற்றிச் சில நூல்களையும் ஆராய்ச்சியுரைகளையும் படிக்க நேர்ந்தது. அவர்கள் முதற்கண் வினவுவனவும் அவ்விரண்டே: எந்நிலம்? எப்பொழுது? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே அவர்கள் உடையின் நிறத்தைப் பற்றி எண்ணுகின்றனர். ஆயினும் மூன்றாவதாக ஒரு வினாவும் உண்டு: யார் கண்ணுக்கு? இம்மூன்றாம் வினாவை மறந்தமையால் விளைந்த கேடுகள் சில அல்ல. இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த திருத்தங்களும் காட்டுவிலங்குகளை வேட்டையாடுதலைத் தடைசெய்துள்ளன. ஆதலின், ஈண்டு யாம் கூறுவன பெரும்பாலும், உரிமைச்சீட்டுப் பெற்று அரசு வகுத்த பருவத்தில் மட்டும் வேட்டம் புரியும் வழக்கமுடைய அமெரிக்க ஐக்கிய நாடு முதலிய பிறநாடுகளைப் பற்றியன என்று கொள்க. அங்ஙனமாயின், தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு இப்பொருளில் ஆர்வம் எழுந்தது எவ்வாறு என்று வினவுவார்க்கு, எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றனைச் சொல்லுதல் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது எம் ஊர். எம் பாட்டனாரின் தமையனார்க்கு இடக்கை முழங்கைக்குக் கீழ் இல்லை. மேற்கூறிய சட்டம் வருவதற்கு முன், அவர் இளைஞராயிருந்த காலத்தில், சோளக் கொல்லையை அழித்துவந்த காட்டுப் பன்றிகளைச் சுடுதற்கு அவரும் அவருடைய தோழர் ஒருவரும் ஓர் இரவு சென்றனர். பன்றியின் கண்ணிற் படலாகாது என்று எண்ணி, அவர் கருங்கம்பளி ஒன்றனால் தலைமுதல் கால்வரை போர்த்துக்கொண்டு வரப்பின் ஓரத்திற் குனிந்திருந்தார். நெடுநேரம் சென்றபின், கால் மரத்துப்போனமையால் சிறிதே நகர்ந்தார். கொல்லையின் மறுபுறத்தில் இருந்த தோழர், இருளிற் கருநிறமாய்க் குனிந்து நகரும் ஓர் உருவத்தைக் கண்டார், சுட்டார். பின்னர், அலறல் கேட்டு ஓடிவந்து, அவரைத் தம் முதுகிற் சுமந்துகொண்டு விடியுமுன் மருத்துவரிடம் சேர்த்தவரும் அத்தோழரே. அன்றுமுதல் அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. தாம் இறக்குந்துணையும் ஆண்டுதோறும் உழவுக் காலத்தில் வந்து, எம் பெரிய பாட்டனாரின் நிலத்தைக் கூலியின்றி உழுதுகொடுத்தார். எம் பெரிய பாட்டனார் அவரை நொந்து ஒரு சொல்லும் கூறக் கேட்டிலேம். "பன்றிக்கு ஒளிந்தேன், தோழனுக்கும் ஒளிந்துவிட்டேன், குற்றம் கம்பளியுடையது" என்பார். சிறுபருவத்தில் யாம் இதனை நகைமொழியாகவே கொண்டோம். இப்பொருளைப் பற்றிப் படித்த பின்னரே அதன்கண் அமைந்த உண்மை எமக்குப் புலனாயிற்று.

இனி, உருமறைப்பு என்பது யாது என்று நோக்குவோம். ஒரு பொருளைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது அதன் நிறம் ஒன்றே அன்று. நிறம், வடிவம், நிழல், பளபளப்பு, அசைவு என்னும் ஐந்தும் அதனைப் பின்னணியினின்றும் பிரித்துக் காட்டுவனவாம். பச்சைமரத்தின் கீழ்ப் பச்சையுடை உடுத்து நிற்பவன் நிறத்தால் மறைந்தான் எனினும், தலையும் தோளும் சேர்ந்த மனித வடிவம் அவனைக் காட்டும். அதுவும் மறையின் கைக்கடிகாரத்தின் ஒளி காட்டும். அதனைக் கழற்றி வைப்பினும் ஒருமுறை கையை உயர்த்தினால் அவ்வசைவு காட்டிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் மாற்றி ஏனைய நான்கனையும் மறந்தவன் மறைந்தவன் ஆகான்.

இவ்வுண்மையை அறிஞர்க்கு உணர்த்தியவருள் ஒருவர் ஓர் ஓவியர் என்பது வியப்பிற்குரியது. ஆபட் தேயர் என்னும் அமெரிக்க ஓவியர் 1896ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். மான், முயல் முதலிய விலங்குகள் பலவற்றிற்கு முதுகு கருகியும் வயிறு வெளுத்தும் இருத்தலை யாவரும் கண்டிருக்கின்றோம். வானொளி மேலிருந்து விழுதலால், ஒரே நிறமுடைய உடலாயின் முதுகு ஒளிபெற்றும் வயிறு நிழல்பட்டும் தோன்றும். அவ்வேற்றுமையே அது திரண்ட பொருள் என்பதை நம் கண்ணுக்கு அறிவிப்பது. கருமுதுகும் வெள்வயிறும் அவ்வேற்றுமையைச் சமன்செய்துவிடுதலால், திரண்ட உடலும் தட்டையாகத் தோன்றிப் பின்னணியோடு ஒன்றிவிடுகின்றது. ஓவியர் ஒளியும் நிழலும் தீட்டித் தட்டையான துணியில் திரட்சியைத் தோற்றுவிப்பர். இயற்கை அதனை மறுதலையாகச் செய்து திரட்சியை மறைக்கின்றது என்பதே அவர் கண்டது. அவர் மைந்தர் ஜெரால்டு தேயர் இக்கருத்துக்களை விரித்து 1909ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். ஆனால் தேயர் தம் கொள்கையை அளவிறந்து நீட்டினார். பூநாரையின் செந்நிறமும் அந்திவானத்தில் அது மறைதற்பொருட்டே அமைந்தது என்று கூறப் புகுந்தார். வேட்டத்திற் பெரிதும் பழகியவரும் அந்நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவருமாகிய தியோடர் ரூசுவெல்ட் இதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். எந்நிறமும் எவ்விடத்தும் எப்பொழுதும் மறைக்கும் என்பது இயலாதென்பதை இவ்வழக்கு நமக்கு அறிவுறுத்துகின்றது.

ஆங்கிலேய விலங்கியலறிஞர் ஹியூ காட் என்பார் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட விலங்குகளின் வண்ணம் பற்றிய நூலில் வடிவச் சிதைவு என்னும் முறையைத் தெளிவுற விளக்கினார். ஒரு விலங்கின் உடலில் ஒளிமிக்க திட்டுக்களும் இருண்ட திட்டுக்களும் அடுத்தடுத்து அமைந்து உடலின் விளிம்புவரை சென்று முடியுமாயின், காண்பவர் கண் அத்திட்டுக்களைத் தனித்தனிப் பொருள்களாகக் கொள்ளுமன்றி, அவற்றைச் சேர்த்து ஓர் உடலாகக் கொள்ளாது. இன்றைய வேட்டுவர் உடையிற் காணும் திட்டும் தீற்றலும் இம்முறையைப் பின்பற்றியனவே.

இவற்றை எல்லாம் அறிந்த பின்னரும், காண்கின்ற கண் எது என்பதை அறியாதவழிப் பயனில்லை. மக்கட் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பணுக்கள் மூவகைப்படும். அதனாற்றான் செம்மையையும் பசுமையையும் நாம் வேறு பிரித்துக் காண்கின்றோம். மான் முதலியவற்றிற்கு அவை இருவகையே உள்ளன. 1992ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் ஒருங்குகூடி, வட அமெரிக்காவில் மிகுதியாக வேட்டையாடப்படும் வெள்வால் மானின் கண்ணை ஆராய்ந்தனர். அதற்கு நீல ஒளியை உணரும் கூம்பணு ஒன்றும், பசுமையை ஒட்டிய ஒளியை உணரும் கூம்பணு ஒன்றுமே உண்டு என்றும், செம்மையைத் தனித்துணர்வது இல்லை என்றும் அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. ஆதலின் நமக்கு நெருப்பெனத் தோன்றும் செம்மஞ்சள் நிறம் மானுக்கு அங்ஙனம் தோன்றுவதில்லை. இலைதழைகளின் நிறத்தினின்று அதனை நிறவேறுபாட்டாற் பிரித்தறிதல் அதற்கு அரிது. மாறாக, நாம் அடக்கமான நிறம் என்று கருதும் நீலம் மானின் கண்ணுக்கு நன்கு புலப்படும். காட்டில் நீலக் காற்சட்டை உடுத்து மறைந்திருப்பதாக எண்ணுபவன் தன் கண்ணையே மானின் கண்ணாகக் கொண்டு மயங்குபவன் ஆவான்.

இதனை ஒட்டி மற்றொன்றும் அறியத்தக்கது. நம் கண்ணின் வில்லை புறவூதா ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது. மானின் வில்லையோ அதிற் பெரும்பகுதியை உட்செல்ல விடுகின்றது. துணியை வெண்மையாகக் காட்டும்பொருட்டுச் சலவைத்தூள் பலவற்றிற் சேர்க்கப்படும் ஒளியூட்டிகள், புறவூதா ஒளியை ஏற்று நீல ஒளியாக வெளிவிடும் இயல்பின. ஆகவே விலைமிக்க மறைப்புடையை வாங்கி, அத்தகைய தூளிற் பன்முறை துவைத்து உடுப்பவன், மானுக்குத் தெரியும் நிறத்தைத் தானே தன்மேற் பூசிக்கொண்டவன் ஆகின்றான். பழகிய வேட்டுவர் ஒளியூட்டி கலவாத சவர்க்காரத்தையே தேடி வாங்குவதன் காரணம் இதுவாம்.

புலியின் வண்ணத்தைப் பற்றிய ஐயமும் இவ்வாராய்ச்சியால் நீங்குகின்றது. பசுங்காட்டில் வாழும் புலிக்குச் செம்மஞ்சள் நிறம் எவ்வாறு துணைசெய்யும் என்று வினவுதல் இயல்பே. 2019ஆம் ஆண்டில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியுரை ஒன்று இதனை ஆராய்ந்தது. இருவகைக் கூம்பணுவே உடைய கண்ணுக்குப் புலியின் செம்மஞ்சளும் தழையின் பசுமையும் ஏறக்குறைய ஒரே நிறமாகும். புலி பசுமையாகப் பிறக்க வேண்டியதில்லை. மான் அதனைப் பசுமையாகக் கண்டாற் போதும். நமக்குப் புலி வெளிப்படையாகத் தோன்றுவது, அது நமக்காக வண்ணம் பூண்டதன்று என்பதனாலேயாம்.

மானுக்குக் கண்கள் தலையின் இருபக்கத்தும் அமைந்திருத்தலால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகை அளவிற் சுற்றிலும் நோக்கவல்லது. ஆனால் நுண்ணிய உருவங்களை நம்மளவு கூர்மையாகக் காணும் திறன் அதற்கு இல்லை. அசைவை உணர்வதிலோ அது மிகவும் வல்லது. ஆகவே மான் வேட்டம் புரிவோன் உடையில் இலையும் நரம்பும் நுணுகி எழுதப்பட்டிருத்தலினும், அவன் அசையாதிருத்தலே இன்றியமையாதது. பறவைகளின் நிலை வேறு. பறவை பலவற்றிற்குக் கூம்பணுக்கள் நால்வகைப்படும். நாம் காணும் நிறமெல்லாம் கண்டு, நாம் காணாதனவும் அவை காண்கின்றன. காட்டு வான்கோழியையோ வாத்தையோ நாடிச் செல்வோன் நிறப்பொருத்தத்தில் மிகவும் கருத்துடையனாய், முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்ளுதல் வேண்டும்.

கண்ணைப் பற்றி ஒருவாறு அறிந்தோம். இனி நிலத்திற்கு வருவோம்.

முதற்கண் மரம் அடர்ந்த காடு. இங்குப் பார்வை நெடுந்தொலை செல்லாது. அடிமரமும் கிளையும் நிழலுமே பின்னணி. எனவே மரப்பட்டையையும் சருகையும் ஒத்த உடை இதற்கு ஏற்றது. பல்லாண்டுகளாக அமெரிக்க வேட்டுவர் படைவீரர் அணிந்த பச்சைத் திட்டுடைகளையே உடுத்துவந்தனர். வெர்ஜினியாவைச் சேர்ந்த ஜிம் கிரம்லி என்னும் வேட்டுவர், தாம் சாய்ந்திருக்கும் மரத்தின் பட்டையைப் போன்று கோடுகளைத் தம் கையாற் றீட்டி, 'டிரீபார்க்' என்னும் உடையை 1980ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1986இல் ஜார்ஜியாவில் பில் ஜார்டன் 'ரியல்ட்ரீ' என்பதனையும், மிசிசிப்பியில் டாக்சி ஹாஸ் 'மாஸி ஓக்' என்பதனையும் தொடங்கினர். பின்னவர் காட்டுத் தரையினின்றும் ஒரு கைப்பிடி இலையும் மண்ணும் அள்ளிச் சென்று, இதனைப் போன்ற துணி வேண்டும் என்று தொடங்கினார் என்பர். நிலத்தையே அள்ளிச் சென்று உடையாக்கச் சொன்ன செயலில், முதற்பொருளினின்றே கருப்பொருள் பிறக்கும் என்னும் நம்மவர் கொள்கைக்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்கின்றோம்.

இரண்டாவது, மரமற்ற மலைச்சரிவு. ஸ்காத்துலாந்தின் வடமலைப் பகுதியில் மறைவதற்கு மரமில்லை. பாறையும் புதரும் வாடிய புல்லுமே உள்ளன. அங்குள்ள பெருநிலக்கிழார் தத்தம் மலையின் நிறத்திற்கு ஏற்பத் தனித்தனிக் கம்பளித் துணி நெய்வித்தனர். டுவீடு எனப்படும் அத்துணியை வேட்டைக் காவலர் உடுத்துவர். விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட்டு இளவரசர் 1853ஆம் ஆண்டில் பால்மோரல் மனைக்காக அமைத்த டுவீடு, அவ்விடத்துக் கருங்கல்லின் சாம்பல் நிறத்தைத் தழுவியது. அருகில் நோக்கின் பல நிறப் புள்ளிகளாகத் தோன்றும் அந்நூல்கள், தொலைவிற் கலந்து மலையின் ஒரே நிறமாகிவிடும். அம்மலைகளில் கில்லி எனப்பட்ட வேட்டைத் துணைவர், கந்தலும் தழையும் தொங்கும் உடையொன்றனையும் வழங்கினர். 1900ஆம் ஆண்டில் லொவாட்டுப் பிரபு இத்தகையோரைத் திரட்டிப் போயர் போருக்கென ஒரு படை அமைத்தபின், வேட்டுவர் உடை போர்வீரர் உடையாயிற்று. இதற்கு முன்பே, 1846இல் பெஷாவரில் லம்ஸ்டன் என்பார் தொடங்கிய படையினர், அந்நிலத்துப் புழுதியின் நிறத்தில் உடை தோய்த்து உடுத்தனர். புழுதி நிறம் என்னும் பொருள்பட வழங்கிய உருதுச் சொல்லே இன்று நம் ஊர்க் காவலர் உடைக்கும் வழங்கும் காக்கி என்பது.

மூன்றாவது, பரந்த புல்வெளி. வட அமெரிக்காவின் சமவெளிகளில் விலங்கு நெடுந்தொலைவிலேயே மனிதனைக் கண்டுவிடும். இங்கு நுண்ணிய இலைக்கோலம் பயன்படாது. தொலைவில் அது ஒன்றாய்க் கலந்து கரிய திரளாகத் தோன்றி மனித உருவையே காட்டிவிடும். வெளிறிய நிறமும் பெரிய திட்டுக்களுமே வேண்டும். ஆனால் அந்நிலத்துப் பழங்குடியினர் நிறத்தினும் நுட்பமானதொரு வழியைக் கண்டிருந்தனர். ஜார்ஜ் கேட்லின் என்னும் ஓவியர் 1832ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய ஓவியம் ஒன்றில், வேட்டுவர் இருவர் வெள்ளோநாயின் தோலைப் போர்த்துக்கொண்டு பைசன் என்னும் காட்டெருதுகளை நோக்கித் தவழ்ந்து செல்கின்றனர். ஓநாய் அவ்வெருதின் பகையன்றோ எனின், எருதுக் கூட்டத்தைச் சுற்றி ஓநாய்கள் எப்பொழுதும் திரிந்துகொண்டிருந்தமையால், கூட்டமாக நின்ற எருதுகள் அவற்றைக் கண்டு வெருவுவதில்லை. இவ்வேட்டுவர் மறையவில்லை, கண்ணெதிரே தோன்றினர். ஆனால் அஞ்சத்தகாத ஒன்றாகத் தோன்றினர். மறைதல் என்பது காணப்படாமை மட்டுமன்று, பிறிதொன்றாகக் காணப்படுதலும் ஆம் என்று இதனால் அறிகின்றோம்.

நான்காவது, நீரும் நாணலும் நிறைந்த சதுப்பு நிலம். வாத்து மேலிருந்து நோக்கும். ஆதலின் பக்கங்களை மட்டும் மறைத்தல் போதாது, தலைக்குமேலும் மறைப்பு வேண்டும். காய்ந்த கோரையின் மங்கிய மஞ்சள் நிறமே இங்கு ஏற்றது. காட்டுக்குரிய கரும்பச்சை உடை இங்குக் கறையெனத் தோன்றும். வேட்டுவர் அவ்விடத்துக் கோரையையே அறுத்துத் தம் படகைச் சுற்றிக் கட்டிக்கொள்வர். கோரையின் பயனைப் பழங்காலத்தவரும் அறிந்திருந்தனர். நெவாடா நாட்டு லவ்லாக் குகையில் 1924ஆம் ஆண்டில், கோரையாற் செய்து இறகு செருகிய போலி வாத்துக்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையுடையன. வாத்தை வாத்தின் உருவால் அழைத்து, வேட்டுவன் நாணலிடை மறைந்திருப்பான்.

ஐந்தாவது, பனிநிலம். வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள், வேனிற்றொடக்கத்தில் பனிக்கட்டியின்மேல் வெயில் காயும் சீல் என்னும் கடல்நாயை நெருங்குதற்கு, சிறு சறுக்குக் கட்டையின்மேல் வெண்டுணித் திரையொன்றை நிறுத்தி, அதன்பின் ஊர்ந்து செல்வர். இங்குப் பச்சையும் பழுப்பும் ஆகிய எக்கோலமும் உதவாது. வெண்மை ஒன்றே உடை.

நிலம் ஒன்றேயாயினும் பொழுது மாறின் உடையும் மாறுதல் வேண்டும். அமெரிக்க நாட்டுக் காடொன்று புரட்டாசியிற் பசுமையாயும், ஐப்பசியிற் செம்மஞ்சளாயும், கார்த்திகை கழிவதற்குள் இலையற்றுச் சாம்பலாயும், அதன்பின் வெண்பனி மூடியும் தோன்றும். முதல்மாதத்து உடையைக் கடைமாதத்தில் உடுத்தவன், வறண்ட காட்டில் நடுவே தளிர்த்த மரம்போல் நிற்பான். மரத்தின்மேற் பரண் கட்டி அமர்வோனுக்கு வானமே பின்னணியாதலின், இலையுதிர்ந்த காலத்தில் வெளிறிய நிறமிகுந்த உடையே அவனுக்கு ஏற்றது. வட அமெரிக்காவில் ஸ்னோஷூ முயல் எனப்படும் ஒருவகை முயல் கோடையிற் பழுப்பாயும் குளிர்காலத்தில் வெண்மையாயும் தன் மயிரை மாற்றிக்கொள்ளும். ஆனால் அம்மாற்றம் பகற்பொழுதின் நீட்சி குறுக்கங்களைப் பின்பற்றி நிகழ்வதன்றிப் பனியைப் பார்த்து நிகழ்வதன்று. பனி காலந்தாழ்த்து விழும் ஆண்டுகளில், வெண்முயல் பழுப்புத் தரையில் விளக்கெனத் தோன்றிப் பகைக்கு இரையாகின்றது. உலகம் வெம்மையுற்றுவரும் இந்நாளில் இத்தீங்கு மிகும் என்று அறிஞர் அஞ்சுகின்றனர். முயலுக்கு உடையைத் தேரும் உரிமையில்லை, மனிதனுக்கு உண்டு.

இவையனைத்தும் அமைந்தவழியும், காற்று வேட்டுவனின் முதுகுப்புறமிருந்து வீசுமாயின் மான் அவனை மோப்பத்தால் அறிந்து அகன்றுவிடும். உடை கண்ணை மட்டுமே ஏமாற்றும், மூக்கை ஏமாற்றாது. ஆதலாலேயே பழகியோர் உடையைத் தேர்வதன் முன் காற்றின் திசையைத் தேர்கின்றனர்.

இனி, யார் கண்ணுக்கு என்னும் வினாவின் மறுபாதியைக் கூறுதும். காட்டில் மானின் கண் ஒன்றே இல்லை. துப்பாக்கி ஏந்திய பிற மாந்தர் கண்களும் உள்ளன. ஒருவன் எத்துணைச் செவ்விதாக மறைகின்றானோ, அத்துணைக்கு அவன் தன் இனத்தார்க்கும் மறைந்துவிடுகின்றான். ஒலி கேட்டு யானை என்று எண்ணி எய்த தசரதன் அம்பு, நீர் முகக்க வந்த முனிமைந்தன்மேல் தைத்த வரலாற்றைக் கம்பர் காவியத்திற் படிக்கின்றோம். அவன் விற்றொழிலிற் குறைந்தவன் அல்லன். எதிர்ப்பட்டது யாது என்று தெளியாமல் எய்தான், அதுவே அவன் பிழை. அப்பிழையினின்று தொடங்கிய துயரம் அயோத்தியையே சூழ்ந்தது. எம் ஊர்ச் சோளக் கொல்லையில் நிகழ்ந்ததும் அதுவே.

இக்கேட்டினை நீக்கும் வழியை மேலே கூறிய மானின் கண்ணே நமக்கு அளிக்கின்றது. செம்மஞ்சள் மானுக்குத் தனித்துத் தோன்றாது. மனிதனுக்கோ அதனினும் மிகுதியாகத் தோன்றும் நிறம் காட்டில் இல்லை. ஆகவே மானுக்கு மறைந்தும் மனிதனுக்குத் தோன்றியும் நிற்றல் ஒரே உடையால் இயல்வதாயிற்று. ஒளிர்வண்ணங்களை அமெரிக்காவில் ஸ்விட்சர் உடன்பிறந்தார் 1930ஐ அடுத்த ஆண்டுகளில் ஆக்கினர். இவ்வண்ணம் தன்மேல் விழும் குறுகிய அலைகளையுடைய ஒளியையும் செம்மஞ்சளாக மாற்றி வெளிவிடுதலால், விடியலிலும் அந்தியிலும் கூடப் பளிச்சென்று தோன்றும். பின்னர் அமெரிக்க மாநிலங்கள் பல, துப்பாக்கி கொண்டு மான் முதலியவற்றை வேட்டையாடும் பருவத்தில் இதனைக் கட்டாயமாக்கின. கொலராடோ மாநிலத்தில், இடைக்குமேல் 500 சதுர அங்குலத்திற்குக் குறையாமல் இவ்வண்ண உடையோ ஒளிரும் இளஞ்சிவப்பு உடையோ அணிதல் வேண்டும். எப்பக்கத்தினின்றும் தெரியுமாறு தலையிலும் அணிதல் வேண்டும். திட்டுக்கோலம் தீட்டிய செம்மஞ்சள் ஆண்டுக் கணக்கிற் கொள்ளப்படாது. 2016ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலம் ஒளிரும் இளஞ்சிவப்பையும் இதற்கு ஈடாக முதன்முதல் ஏற்றது. பிற மாநிலங்கள் சிலவும் பின்பற்றின.

வான்கோழி வேட்டத்திலோ இவ்வழி எளிதன்று. அப்பறவை செம்மஞ்சளை நன்கு காணும். ஆதலின் அங்கு வேட்டுவர் முழுதும் மறைந்தே இருப்பர். ஆபத்தும் அங்கு மிகுதி. ஆண் வான்கோழியின் தலை செம்மை, வெண்மை, நீலம் ஆகிய மூன்று நிறமும் உடையது. எனவே இம்மூன்று நிறத்தில் எதனையும், காலுறையாகவோ கைக்குட்டையாகவோ கூடக் கொண்டு செல்லலாகாது என்று வேட்டைப் பயிற்சி அளிப்போர் வற்புறுத்துகின்றனர். தழையிடை ஒருகணம் தோன்றும் சிவந்த துணியின் ஓரம் பறவையின் தலையென மயங்கப்படலாம். அமர்பவன் தன் தோளினும் அகன்ற மரத்தில் முதுகு சாய்த்து அமர வேண்டும்; பிறனொருவன் வரக் கண்டால் கையை அசைத்துக் காட்டாமல், அசையாதிருந்தே உரத்த குரலில் அவனை அழைத்தல் வேண்டும். கையசைவு விலங்கின் அசைவாகத் தோன்றும்; மனிதக் குரலோ வேறொன்றாகத் தோன்றாது.

இதுகாறும் கூறியவாற்றான், மறைப்புடையைத் தேர்வோன் முதலில் நிலத்தையும், பின்னர்ப் பொழுதையும், அதன்பின் தான் நாடிச் செல்லும் உயிரின் கண்ணியல்பையும், இவையனைத்தினும் முதன்மையாகத் தன்னைச் சூழ்ந்துள்ள மக்களின் உயிரையும் கருதுதல் வேண்டும் என்பது பெறப்பட்டது. துப்பாக்கியை விடுத்து ஒளிப்படக் கருவியும் தொலைநோக்கியும் ஏந்திக் காடு புகும் நம் நாட்டு இளைஞர்க்கும், முதல் மூன்றும் பயன்படும். அடக்கமான நிறமுடுத்து, அசையாதமர்ந்து, காற்றின் திசையறிந்து நோக்குவார்க்கே பறவையும் விலங்கும் தம் இயல்பான வாழ்க்கையைக் காட்டும்.

எம் பெரிய பாட்டனார் இப்பொழுது இல்லை. இக்கட்டுரைக்கு வேண்டுவன தேடியபொழுது, மானுக்குத் தெரியாமலும் மனிதனுக்குத் தெரியுமாறும் ஓர் உடை உண்டு என்பதை அவரிடம் சென்று கூற வேண்டும் என்று எமக்கு ஒரு விருப்பம் எழுந்தது. அவரிடம் கூறுதல் இயலாமையின், இவ்வேட்டின் வாயிலாக அதனைப் பயில்வோர்க்குக் கூறி அமைகின்றோம்.